சர்ச்சிலுடன் போர்க்காலச் சண்டை: டைரியில் கொட்டித் தீர்த்த தளபதி பிறகு வருத்தப்பட்டது எதற்காக?

1944 செப்டம்பர் 10. 'குயின் மேரி' கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் வந்தவர் பிரிட்டன் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில். ஹிட்லரை எதிர்த்து நின்ற தலைவர் என்று பாதி உலகம் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. கூடவே வந்தவர் அவருடைய ராணுவத் தலைமைத் தளபதி, ஃபீல்டு மார்ஷல் ஆலன் புரூக்.

அன்றைய தேதியில் புரூக் தன் டைரியில் எழுதியதன் சாரம் இது. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் சர்ச்சிலைப் பெரிய போர் வியூகப் புலி என்று நினைக்கிறார்கள். மீதி கால்வாசிப் பேருக்கு, இந்தப் போர் முழுக்க அவர் எவ்வளவு பெரிய ஆபத்தாக இருந்தார் என்பதே தெரியாது. அவர் இல்லாவிட்டால் இங்கிலாந்து தோற்றிருக்கும். அவர் இருப்பதாலும் திரும்பத் திரும்ப அழிவின் விளிம்புக்குப் போய் வருகிறது. ஒரே மனிதரை ஒரே நேரத்தில் இந்த அளவு வியந்ததும் இல்லை, இந்த அளவு இகழ்ந்ததும் இல்லை.

சுமார் 10 வருஷம் கழித்து, ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த அதே புரூக் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதினார். அதில் இருந்தது வருத்தம். ஆனால் சர்ச்சிலோடு சண்டை போட்டதற்காக அவர் வருத்தப்படவில்லை. பிறகு எதற்காக?

யார் இந்த ஆலன் புரூக்?

இரண்டாம் உலகப் போர் என்றதும் மான்ட்கோமரி, ஐசனோவர், ரோமெல் என்று பெயர்கள் வரும். புரூக் பெயர் சட்டென்று வராது. இத்தனைக்கும் மான்ட்கோமரிக்கே பாஸ் இவர்தான்.

1883ல் பிரான்ஸ் நாட்டில் பிறந்தவர். குடும்பம் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியைச் சேர்ந்தது. பிரெஞ்சைத் தாய்மொழி போலப் பேசுவார். பீரங்கிப் படை அதிகாரி. முதல் உலகப் போருக்கு முன்பு சில வருஷம் இந்தியாவிலும் வேலை பார்த்திருக்கிறார். படபடவென்று வேகமாகப் பேசுவார், முகத்தில் எதையும் காட்டமாட்டார். பறவைகள் என்றால் மட்டும் உயிர். போருக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைத்தாலும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

1941 டிசம்பரில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். 1942 மார்ச்சிலிருந்து முப்படைத் தளபதிகள் குழுவுக்கும் அவரே தலைவர். 1946 ஜூன் வரை அந்த நாற்காலியில் இருந்தார். பிரபு பட்டம் வந்தபோது பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி 'ஆலன்புரூக்' என்று ஆக்கிக்கொண்டார். புத்தகங்களில் இந்தப் பெயரில்தான் அவரைப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சில் அப்போது பிரதமர் மட்டுமில்லை, பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் தானே வைத்துக்கொண்டார். அதனால் மூன்று படைகளின் தளபதிகளுக்கும் நேரடி அரசியல் மேலதிகாரி அவர்தான். நடுவில் சமாதானம் செய்துவைக்க இன்னொரு அமைச்சர் கிடையாது. இருந்தது ஜெனரல் இஸ்மே என்ற அதிகாரி ஒருவர். இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு பாலமாக நின்றவர்.

முதல் மோதல்: ஒரு போன் கால்

இவர்கள் மோதல் தொடங்கியது 1940 ஜூன் 14ல். டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பிரான்சில் மிச்சமிருந்த படைகளுக்குத் தலைமை தாங்க புரூக்கைத் திருப்பி அங்கேயே அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பிரெஞ்சு ராணுவம் சரிந்துகொண்டிருந்தது. இனி இங்கே நிற்பதில் அர்த்தமில்லை, இருக்கிறவர்களையாவது கப்பலேற்றிக் காப்பாற்றணும் என்று முடிவு செய்தார்.

அன்று ராத்திரி போன் லைனில் சர்ச்சில் வந்தார். பிரிட்டன் கூடவே நிற்கிறது என்ற உணர்வைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுக்கத்தான் உங்களை அனுப்பினேன் என்கிறார். பிணத்துக்கு எப்படி உணர்வு கொடுக்க முடியும் என்று புரூக் திருப்பிக் கேட்கிறார். கரகரவென்று இரையும் லைனில் கிட்டத்தட்ட அரை மணி நேர வாக்குவாதம். கடைசியில் சர்ச்சில் ஒத்துக்கொண்டார். அந்த இரண்டாவது வெளியேற்றத்தில் நேச நாட்டுப் படையினர் கிட்டத்தட்ட 2 லட்சம் பேர் தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். டன்கிர்க் அளவுக்கு இது பேசப்படுவதே இல்லை.

இப்படி முகத்துக்கு நேரே மறுத்த ஆளைத்தான், ஒன்றரை வருஷம் கழித்து, சர்ச்சில் தன் தலைமைத் தளபதியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆமாம் போடுகிற ஆள் அவருக்கு வேண்டியிருந்தால் அந்த வேலைக்கு வேறு யாராவது கிடைத்திருப்பார்கள். சர்ச்சிலின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கத்துவார், ஆனால் மீறமாட்டார்

சர்ச்சில் மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, ராத்திரி 10 மணிக்கு மேல் மீட்டிங் வைப்பார். அது விடியற்காலை 2 மணி வரை இழுக்கும். தளபதிகளுக்கோ மறுநாள் காலை 10.30 மணிக்கு அவர்களுடைய கமிட்டி. வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதோடு சர்ச்சிலுக்குத் தினம் ஒரு ஐடியா வரும். நார்வேயின் வட முனையில் படையிறக்கலாம், சுமத்ராவின் வட முனையைப் பிடிக்கலாம் என்று வரைபடத்தில் விரல் வைப்பார். அங்கே படையை இறக்கினால் மேலே விமானப் பாதுகாப்பு உண்டா, அதற்குக் கப்பல் எங்கிருந்து வரும், பிடித்த பிறகு அடுத்து எங்கே போவது என்ற கேள்விகளெல்லாம் புரூக் தலையில் விழும். கையில் இருக்கும் பென்சிலை இரண்டாக ஒடித்துவிட்டு, பிரதமரே, இதை நான் முழுசா மறுக்கிறேன் என்று அவர் சொல்வாராம்.

மேஜையைத் தட்டி முகத்தை அவர் பக்கம் நீட்டினால், அந்த ஆள் இன்னும் பலமாக மேஜையைத் தட்டி முறைக்கிறார் என்று சர்ச்சிலே புலம்பியதாக ஒரு கதை உண்டு. இன்னொன்று இஸ்மே வழியாக வந்தது. புரூக் என்னை வெறுக்கிறார், கண்ணிலேயே தெரிகிறது என்று சர்ச்சில் இஸ்மேயிடம் குறைபட்டுக்கொண்டார். இஸ்மே போய்க் கேட்டபோது, வெறுப்பெல்லாம் இல்லை, அவர் மேல் பிரியம்தான், ஆனால் மனசுக்கு ஒப்பாத ஒன்றுக்கு நான் சரி என்று தலையாட்டுகிற நாளில் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடணும் என்றாராம் புரூக். அதைக் கேட்ட சர்ச்சில் உருகிப்போனார் என்பார்கள்.

இவ்வளவு சத்தத்துக்கும் நடுவே ஒரு விஷயம் நடக்கவில்லை. மூன்று தளபதிகளும் சேர்ந்து, ராணுவக் காரணம் காட்டி ஒன்றை வேண்டாம் என்றால், அதை மீறி சர்ச்சில் உத்தரவு போட்டதில்லை என்று பல வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். 1915ல் டார்டனெல்ஸ் திட்டத்தைப் பிடிவாதமாக நடத்தி, தோற்று, பதவி இழந்தவர் அவர். அந்தச் சூடு மறக்கவில்லை. ஆனால் மீறாமல் இருப்பதற்கு முன்பு, எதிராளியின் உயிரை எடுத்துவிடுவார். புரூக்கின் டைரி அந்த மிச்ச நேரத்தின் கதை.

டைரி யாருக்காக?

போர்க்காலத்தில் இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் டைரி எழுதுவதே விதிமீறல். எதிரி கையில் சிக்கினால் அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டே 1939 செப்டம்பரிலிருந்து புரூக் எழுதினார். மனைவி பெனிட்டாவுக்காக எழுதியது அது. கூட இருந்திருந்தால் ராத்திரி உட்கார்ந்து உன்னோடு என்ன பேசியிருப்பேனோ அதுதான் இது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது நிபந்தனை.

முதல் மனைவி 1925ல் கார் விபத்தில் இறந்துபோனார். காரை ஓட்டியது புரூக். பல வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியில் ஒடுங்கிக் கிடந்தவரை மீட்டெடுத்தவர் பெனிட்டா. வெளியே கல்லு மாதிரி இருந்த மனுஷன், வாயைத் திறந்து பேசிய ஒரே இடம் அந்த நோட்டுப் புத்தகங்கள்தான். கோபமும் அங்கேதான் கொட்டியது. இதை மறந்துவிட்டு அந்த வரிகளைப் படித்தால் தப்பாகப் புரியும்.

ஆறாத காயம்: கியூபெக், 1943

டைரியில் இருக்கும் வலியெல்லாம் வியூகம் பற்றியதில்லை. சொந்த வலியும் உண்டு.

1942 ஆகஸ்டில் கெய்ரோவில் வைத்து, மத்தியக் கிழக்குப் படைத் தலைமையை எடுத்துக்கொள்ளச் சொல்லி சர்ச்சில் கேட்டார். எந்தத் தளபதியும் ஆசைப்படும் போர்க்களப் பதவி. புரூக் மறுத்தார். சர்ச்சிலைச் சமாளிக்கும் வித்தை தனக்கு ஓரளவு கைவந்திருக்கிறது, புதுசாக ஒருவர் வந்து அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாசமாவது ஆகும், அதற்குள் என்னவும் நடக்கலாம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த வாய்ப்பு கடைசியில் ஜெனரல் அலெக்சாண்டருக்குப் போய், எல் அலமெய்ன் வெற்றியில் முடிந்தது.

பதிலுக்கு புரூக் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. பிரான்ஸ் மீது படையெடுக்கும்போது அதன் தலைமை. சர்ச்சிலும் அதை மூன்று தடவை வாக்குக் கொடுத்தார். 1943 ஆகஸ்ட் 15 அன்று கியூபெக் நகரத்தில், கோட்டை மாடத்தில் நடந்துகொண்டே, தலைமையை ஒரு அமெரிக்கருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். கடைசியில் அது ஐசனோவருக்குப் போனது. அரசியலாகப் பார்த்தால் வேறு வழி இல்லை. போகப் போக அமெரிக்கப் படைகள்தான் அதிகமாக இருக்கப்போகின்றன.

புரூக்குக்கு வலித்தது முடிவைவிட, சொன்ன விதம். இது உனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று ஒரு வார்த்தை இல்லை, வருத்தம் இல்லை, ஏதோ சின்ன விஷயம் போலப் பேசிவிட்டுப் போனார் என்று பின்னாளில் எழுதினார். சர்ச்சிலோ தன் போர் வரலாற்று நூலில், புரூக் இந்த ஏமாற்றத்தை ஒரு ராணுவ வீரருக்குரிய கண்ணியத்தோடு தாங்கிக்கொண்டார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்தபோது புரூக்குக்கு எப்படி இருந்திருக்கும்!

திருகோணமலையா, சிட்னியா? ராஜினாமா வரை போன சண்டை

இவர்களுடைய மிகப் பெரிய சண்டை நம்ம பக்கத்துக் கடலை வைத்து நடந்தது.

1944 தொடக்கம். ஜெர்மனியை முடித்த பிறகு ஜப்பானை எங்கிருந்து அடிப்பது என்பது கேள்வி. ஆஸ்திரேலியாவைத் தளமாக வைத்து, பசிபிக்கில் அமெரிக்கர்களோடு தோள் சேர்ந்து போகணும் என்றார்கள் புரூக்கும் கடற்படை, விமானப்படைத் தளபதிகளும். சர்ச்சில் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியப் பெருங்கடலில் இருந்து பாய்ந்து சுமத்ராவின் வட முனையைப் பிடித்து, அங்கிருந்து மலாயா, சிங்கப்பூர் என்று போகணும் என்றார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை இழந்தது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு அவமானம். அதை அமெரிக்கா மீட்டுக் கொடுத்ததாக இருக்கக்கூடாது, பிரிட்டன் தன் கையாலேயே மீட்கணும் என்பது அவர் கணக்கு.

தென்கிழக்கு ஆசியப் படைத் தலைவர் மவுண்ட்பேட்டனும் சுமத்ரா பக்கம். அவருடைய தலைமையகம் அந்த ஏப்ரலில் டெல்லியிலிருந்து இலங்கையின் கண்டிக்கு அருகே பேராதனைக்கு மாறியது. கடற்படையின் கிழக்குப் பிரிவு நின்றது திருகோணமலையில். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட பிறகு ஒதுங்கியிருந்த கடற்படை, மறுபடி தலையெடுத்த நேரம்.

தளபதிகள் சொன்ன ஆட்சேபம் நேரடியானது. சுமத்ராவுக்குத் தேவையான கப்பலும் படையும் கையில் இல்லை. ஐரோப்பாவில் போர் முடிந்தால்தான் கிடைக்கும். அதுவரை காத்திருந்தால் ஜப்பானுக்கு எதிரான முக்கியமான போர் பிரிட்டன் இல்லாமலேயே முடிந்துவிடும்.

மார்ச் 20ஆம் தேதி சர்ச்சில் ஒரு காரியம் செய்தார். மூன்று தளபதிகளுக்கும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பினார். பிரதமர், பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில் முடிவெடுத்துவிட்டேன், நம் கவனம் வங்காள விரிகுடாவில்தான் என்கிற தொனியில். மூவரும் ஒன்றாக நிற்பதுதான் அவர்கள் பலம். அதைத்தான் இந்தக் கடிதம் தொட்டது. மறுநாள் டைரியில் புரூக், இதை ஏற்பதைவிட மூவரும் ராஜினாமா செய்வது மேல் என்று எழுதினார். ராஜினாமா ஆபத்து இருக்கிறது என்று இஸ்மே முன்கூட்டியே பிரதமரை எச்சரித்திருந்தார்.

நார்மண்டி படையிறக்கத்துக்கு மூன்று மாசம்கூட இல்லை. அந்த நேரத்தில் பிரிட்டனின் முப்படைத் தளபதிகளும் ஒன்றாக வெளியேறியிருந்தால்? நடக்கவில்லை. அவர்கள் பதிலாக விளக்கம் எழுதி அனுப்பினார்கள். சண்டை செப்டம்பர் வரை இழுத்தது. 'குயின் மேரி' பயணத்தில் புரூக்கை வதைத்த வாக்குவாதங்களில் கிழக்குப் போர் விவகாரமும் ஒன்று.

அந்தக் கடுமையான டைரிப் பக்கத்தை எழுதி மூன்றாவது நாள், செப்டம்பர் 13 அன்று, கியூபெக் மாநாட்டில் சர்ச்சில் எழுந்து, பிரிட்டனின் முதன்மைக் கப்பற்படையைப் பசிபிக்குக்கு அனுப்பத் தயார் என்று ரூஸ்வெல்ட்டிடம் சொன்னார். தளபதிகள் கேட்டது அதுதான்! அமெரிக்கக் கடற்படைத் தலைவர் கிங்குக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ரூஸ்வெல்ட் உடனே சரி சொல்லிவிட்டார். நவம்பரில் திருகோணமலையில் வைத்தே பிரிட்டிஷ் பசிபிக் கப்பற்படை உருவானது. 1945 ஜனவரியில் புறப்பட்டு, போகும் வழியில் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளை விமானங்களால் தாக்கிவிட்டு, ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது.

லண்டனில் வரைபடத்தை வைத்து இருவரும் மல்லுக்கட்டிய அதே 1944 மார்ச் மாசம், ஜப்பான் படை இம்பால், கொஹிமா நோக்கிக் கிளம்பியது. அதைத் தடுத்து, பர்மா வழியாகத் தரையிலேயே துரத்திக்கொண்டு போனது ஜெனரல் ஸ்லிம்மின் 14வது ராணுவம். அதில் பெரும்பாலானவர்கள் இந்திய வீரர்கள். இருவர் திட்டத்திலும் முதலிடத்தில் இல்லாத பாதை அது.

ஜூலை 6 ராத்திரி

நார்மண்டியில் படையிறங்கி ஒரு மாசம். மான்ட்கோமரி எதிர்பார்த்த வேகத்தில் முன்னேறவில்லை. 1944 ஜூலை 6 அன்று ராத்திரி 10 மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில், நாடாளுமன்றத்தில் பேசிக் களைத்துப்போய், குடித்தும் இருந்த சர்ச்சில், மான்ட்கோமரியைத் திட்ட ஆரம்பித்தார். புரூக் வெடித்துவிட்டார். ஐந்து நிமிஷமாவது உங்கள் தளபதிகளை நம்பக்கூடாதா, எப்போதும் மட்டம் தட்டிக்கொண்டே இருக்கணுமா என்று நேராகவே கேட்டார். கூட்டத்தில் அமைச்சர்கள் அட்லியும் ஈடனும் இருந்தார்கள். கடற்படைத் தளபதி கன்னிங்ஹாமும் அந்த ராத்திரியைப் பற்றித் தன் டைரியில் கடுமையாகவே எழுதினார். அதனால் இது புரூக்கின் தனிப்பட்ட கோபம் மட்டும் என்று ஒதுக்க முடியாது.

அப்போது சர்ச்சிலுக்கு வயது 69. 1943 பிப்ரவரியில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை என்று நிமோனியா வந்து போயிருந்தது. டிசம்பரில் வந்தது உயிருக்கே ஆபத்தான நிலை. 1944 ஆகஸ்ட் கடைசியில் மறுபடி வந்தது. அதிலிருந்து எழுந்த கையோடு கப்பலேறியவர்தான் அந்த 'குயின் மேரி' பயணத்தில் தளபதிகளோடு மல்லுக்கு நின்றவர்.

சரி, வருத்தம் எதற்கு?

1951லிருந்து சில வருஷம், புரூக் தன் டைரிகளைத் திரும்பப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் விளக்கக் குறிப்புகள் எழுதினார். செப்டம்பர் 10 பக்கத்துக்கு வந்தபோது, அந்த வார்த்தைகள் எரிச்சலின் உச்சத்தில் எழுதியவை என்றார். சர்ச்சில் அப்போது மிகவும் உடம்பு சரியில்லாத மனிதர். திரும்பத் திரும்ப நிமோனியா, காய்ச்சல், அதோடு மனச் சோர்வு. அவரைச் சமாளிப்பதில் இருந்த கஷ்டங்கள் பலவற்றுக்கும் இதுதான் காரணம், டைரியில் நான் அதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை, என் விமர்சனம் தப்பு என்று எழுதினார். அவரோடு வேலை பார்த்த வருஷங்கள் என் வாழ்க்கையிலேயே கடினமானவை, இருந்தாலும் இப்படிப்பட்ட ஒரு மனிதரோடு வேலை பார்க்கக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்று முடித்தார்.

இதைக் கவனமாகப் பார்த்தால், சுமத்ரா விஷயத்தில் நான் தப்பு என்று அவர் சொல்லவில்லை. நார்வே வேண்டாம் என்றது தப்பு என்றும் சொல்லவில்லை. ஜூலை 6 ராத்திரி எதிர்த்துப் பேசியதற்கும் மன்னிப்பு இல்லை. கியூபெக் மாடத்தில் பட்ட காயமோ, குறிப்புகளில் இன்னும் ஆழமாகவே தெரிகிறது. அவர் திரும்பப் பெற்றது ஒன்றைத்தான்: அந்த மனிதரைப் பற்றிக் கொடுத்த தீர்ப்பை. முடிவுகள் பற்றிய வாதத்தில் தான் நின்ற இடம் சரி, ஆனால் எதிரே இருந்தவர் நோயாளி என்பதைப் பார்க்கத் தவறினேன் என்பது அந்த வருத்தம்.

சும்மா நாகரிகத்துக்குச் சொன்னது இல்லை இது. பிரசுரமாகும் என்ற முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிய குறிப்புகள் அவை. தவிர, ஐசனோவர் பற்றியும் சில தளபதிகள் பற்றியும் எழுதிய கடுமையான வரிகள் பலவற்றை அதே குறிப்புகளில் அவர் மாற்றவே இல்லை. தோன்றியதை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்.

வருந்தியவர் பிறகு ஏன் வெளியிட்டார்?

இங்கேதான் கொஞ்சம் சிக்கல். 1948லிருந்து சர்ச்சில் ஆறு தொகுதிகளாகத் தன் போர் வரலாற்றை வெளியிட்டார். உலகம் முழுக்க விற்றது. 1953ல் இலக்கிய நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஆறு தொகுதிகளில் தளபதிகள் குழுவின் உழைப்புக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு என்று புரூக் நினைத்தார். ஐடியாக்கள் எல்லாம் பிரதமருடையதாகவும், அவற்றைத் தடுத்துத் திருத்திய வேலை யாருக்கும் தெரியாததாகவும் ஆகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு தளபதி ஹெய்குக்கு நாடாளுமன்றம் 1 லட்சம் பவுண்டு வழங்கியது. இந்தப் போருக்குப் பிறகு அப்படி எதுவும் இல்லை. வீட்டை விற்றுவிட்டு, அதே வளாகத்தில் தோட்டக்காரர் இருந்த சின்ன வீட்டுக்குக் குடிபோனார். ஆசையாகச் சேர்த்த அரிய பறவைப் புத்தகங்களையும் விற்றார்.

வரலாற்று எழுத்தாளர் ஆர்தர் பிரையன்ட் அந்த டைரிகளை வைத்து 1957லும் 1959லும் இரண்டு புத்தகங்கள் கொண்டுவந்தார். மிகக் கடுமையான பல வரிகளை வெட்டிய பிறகும் பரபரப்பு. கடவுள் மாதிரி நினைத்திருந்த தலைவரை, கூடவே இருந்த ஆள் இப்படி எழுதியிருக்கிறாரே என்று.

1957 புத்தகத்தின் ஒரு பிரதியை புரூக், 82 வயது சர்ச்சிலுக்குக் கையெழுத்திட்டு அனுப்பினார். நீண்ட, களைப்பான நாள்களின் முடிவில் அந்தந்த நேரத்து எரிச்சலில் எழுதியவை இவை, என் உண்மையான மதிப்பும் பாசமும் வேறு, உங்களிடம் வேலை பார்த்ததே எனக்குக் கிடைத்த பெரிய கௌரவம் என்ற பொருளில் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார். சர்ச்சிலின் பதில் மரியாதையாக, ஆனால் குளிர்ச்சியாக வந்தது. நெருக்கடிக்கு நடுவே எழுதிய அன்றாட டைரிகளை இவ்வளவு சீக்கிரம் வெளியிடுவது பொதுவாக எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் ஆர்வமாகப் படித்தேன், நீங்கள் எழுதித் தந்ததற்கு நன்றி. அவ்வளவுதான்.

சர்ச்சில் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. அந்த வரிகள் தப்பு என்று புரூக்கே நினைத்திருந்தால், பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்போது அவற்றின் சாயலையாவது ஊருக்குக் காட்டியிருக்க வேண்டுமா? அதே சமயம், சர்ச்சிலின் ஆறு தொகுதிகள் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், அந்த அறைகளில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். வருத்தப்பட்டது ஒரு நண்பர். வெளியிட்டது தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்ட தளபதி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

புரூக் சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. 1944 ஜூன் 5 அன்று, நார்மண்டி படையிறக்கத்துக்கு முந்தின நாள், இது போரிலேயே மிக மோசமான பேரழிவாக முடியலாம் என்று பயந்து எழுதியவர் அவர். மறுநாள் அப்படி நடக்கவில்லை. அமெரிக்கத் தளபதி மார்ஷலுக்கு வியூகமே தெரியாது என்பது போலப் பல இடங்களில் எழுதினார். அதே மார்ஷல்தான் அமெரிக்க ராணுவத்தை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டி எழுப்பினார். எச்சரிக்கை புரூக்கின் பலம், சில நேரம் அதுவே அவருக்குக் கண்பட்டை.

சர்ச்சிலின் பிடிவாதம் 1940ல் பிரிட்டனைக் காப்பாற்றியது என்பதை டைரியின் மிகக் கடுமையான பக்கத்திலேயே புரூக் ஒத்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் என்றால் நம்ம ஊரில் 1943 வங்கப் பஞ்சம்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தக் கணக்கு தனி, இந்த இருவரின் சண்டை அதைப் பற்றியது இல்லை.

1953ல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவில், பிரதமராக இருந்தவர் சர்ச்சில். விழாவுக்கான 'லார்டு ஹை கான்ஸ்டபிள்' என்ற பழைய கௌரவப் பதவியில் நின்றவர் ஆலன்புரூக். பத்து வருஷம் கழித்து, 1963 ஜூன் 17 அன்று 79 வயதில் புரூக் இறந்தார். சர்ச்சில் இறந்தது 1965 ஜனவரியில்.

டைரிகள் வெட்டு இல்லாமல் முழுசாக வெளியானது 2001ல்தான். 1944ல் எழுதிய வரிகளும், பின்னாளில் எழுதிய குறிப்புகளும் அதில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. லண்டன் நாடாளுமன்றத்துக்கு எதிரே, கோட்டு போட்டுக் கைத்தடி ஊன்றி நிற்கும் சர்ச்சில் சிலையைப் பலர் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், பாதுகாப்பு அமைச்சக வாசல் பக்கம் புரூக் சிலை இருக்கிறது. 1973ல் அதையும் 1993ல் இதையும் செய்தது ஒரே சிற்பி, ஐவர் ராபர்ட்ஸ்-ஜோன்ஸ்.